சத்தமில்லாத படத்தில் அப்பா சொன்னது

என் அப்பாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தென்காசி தாலுகா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற காப்பியைக் கீழே வைத்துவிடுவார். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களில் வாசுதேவநல்லூர்க்காரர் எவராவது எங்கள் பங்களாவில் ரூம் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அம்மாதான் சாவிக்கொத்தோடு போய் நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஆம்பிளை இப்படியா இருப்பார் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

காரணம் 1969-இல்தான் தெரிந்தது. அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்பா படுக்கையில் கிடந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போன என்னை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார். கதவைச் சாத்திய பிறகும் மெதுவாகத்தான் சொன்னார். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருக்கு அவர் பெயர் கைலாசம். ஆனால் அவர் கைலாசம் இல்லை. அவர் பெயர் உச்சிமாகாளி. வாசுதேவநல்லூர் கீழத்தெருவில், மேலத்தெருக்காரர்கள் வாசற்படி ஏற விடாத சாதியில் பிறந்தவர். பதினேழு வயதில் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனார். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பிய பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். வழியில் சேர்ந்த துணைதான் நிஜமான கைலாசம். தென்காசியில் கோயில் மரியாதை உள்ள குடும்பத்துப் பையன், நாலு வயதில் தகப்பனோடு கப்பலேறியவன், பிறகு ஊரையே பார்க்காதவன். அரக்கான் மலையில் காலரா கண்டு ஒரே பகலில் போய்விட்டான். போவதற்கு முன் தன் தகரப் பெட்டியைக் கொடுத்து, தென்காசியில் சித்தப்பா வல்லிநாயகத்திடம் சேர்க்கச் சொன்னான். அப்பா அவனைக் கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு நடந்தார்.

பெட்டியைக் கொடுக்கத்தான் தென்காசிக்கு வந்தார். பெட்டியின் மேல் தன் அண்ணன் பெயரைப் பார்த்ததும் வல்லிநாயகம் தாத்தா ஓடிவந்து, "கைலாசம்! வந்துட்டியாலே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே இழுத்துப்போய் இலை போட்டார். பதினைந்து நாளாகச் சரியான சாப்பாடு இல்லாத உடம்பு. சாப்பிட்டு முடித்துச் சொல்லிவிடலாம் என்று அப்பா நினைத்தாராம். சாப்பிட்டதும் அங்கேயே தூங்கிவிட்டார். கண் விழித்தபோது தெருவே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நாள் போகப் போக, சொன்னால் உயிர் மிஞ்சுமா என்ற பயம் வந்துவிட்டது. இருபத்தைந்து மைலில் பெற்ற தாய் இருந்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாத்தா அவருக்கு ஐந்தருவி ரோட்டில் இருந்த சீசன் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். ஐந்து வருஷம் கழித்துப் பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தார். அதுதான் என் அம்மா, முத்துவடிவு. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அம்மாவுக்குக் காது போய்விட்டது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவள். பேசுவாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், பலகையில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரே சீராகப் பேசுவாள். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள். டூரிங் டாக்கீஸில் பின்னால் இருப்பவர்கள் விசிலடித்து வசனம் கேட்காமல் போனால், எங்கள் வரிசை மொத்தமும் அம்மாவைத்தான் கேட்கும். அவளுக்கு மட்டும் ஒரு வசனமும் தப்பாது.

அம்மாவின் அண்ணன் வீரபாகு மாமாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு மிட்டாய் வாங்கித் தருகிற, வாய் நிறையச் சிரிக்கிற மாமா. வேறு சாதிப் பையன் ஒருவன் அவருடைய சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினான். மாமா அவனைத் தேடிப் பிடித்து வயலில் வைத்துக் காலை முறித்துப் போட்டார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஓடுன காலு இனி நடக்கவும் செய்யாது அத்தான்" என்பார். அப்பா தலையைக் குனிந்து மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

இந்த வாழ்க்கைக்குள்தான் 1962 சீசனில் சுந்தரபாண்டியன் வந்து சேர்ந்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவர். சம்பளத்தையெல்லாம் பிலிமில் போடுகிறவர். சாவி கொடுத்து ஓட்டுகிற ஒரு சிறிய கேமராவில், பாட்டு கிடையாது, நடிகர் கிடையாது, கதையும் கிடையாது, ஐந்து நிமிஷம் ஆறு நிமிஷம் என்று படம் எடுப்பார். தென்காசிக் கோயிலில் இடிந்து பிளந்து நின்ற கோபுரத்தைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். அதில் கோபுரமே வராது. வாசலில் காற்றுக்குச் சேலையைப் பிடித்துக்கொண்டு, மேலே இல்லாத கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கிற முகங்கள் மட்டும் வரிசையாக வரும். பங்களா சுவரில் போட்டுக் காட்டினார். தாத்தா கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், படம் எப்பம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

அவர் அடுத்து எடுக்க வந்தது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றி. ஏழு பேரைச் சேர்த்திருந்தார். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பரீது பாய் ஒருவர். அப்பாவும் ஒருவர். அப்பா எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். "நம்ம வீட்டுப் பிள்ளை நடந்த நடை நாலு பேருக்குத் தெரியட்டும்லே" என்று தாத்தா பிடித்துத் தள்ளிவிட்டார்.

படம் எடுக்கும் விதம் இதுதான். ஐந்தருவிக்கு முன்னால் ஒவ்வொருவராக நிற்க வேண்டும். கேமராக் கண்ணாடியை நேராகப் பார்த்து, தான் யார் என்று பத்து விநாடி சொல்ல வேண்டும். கேமராவில் சத்தம் பதிவாகாது. பிறகு படம் ஓடும்போது டேப் ரிக்கார்டரில் அருவி இரைச்சலை மட்டும் போடுவார். நடந்து வந்தவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஒரு வார்த்தையும் யாருக்கும் கேட்காது. அதுதான் படம்.

"நெசத்தைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல அண்ணாச்சி. கூச்சமா இருந்தா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. எப்படியும் எல்லாம் அருவியில போயிரும்" என்றார் சுந்தரபாண்டியன்.

அப்பா எண்ணிவிடுவதாகத்தான் போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் ஐந்தருவி. தண்ணீர் புகை மாதிரி எழும்பிச் சட்டை நனைகிறது. பத்தடி தள்ளி நின்ற சுந்தரபாண்டியன் கையைத் தூக்கி ஏதோ கத்துகிறார், அதுவும் கேட்கவில்லை. "அந்த இரைச்சல்ல நான் பேசுதது எனக்கே கேக்கல தாயி" என்றார் அப்பா என்னிடம். "இருபது வருசமா நாக்குல கட்டி மாதிரி கெடந்தது. ஒரு தடவை துப்பிருவோம்னு தோணிட்டு." அவர் சொன்னது இதுதான்: "நான் உச்சிமாகாளி. வாசுதேவநல்லூர் கீழத்தெரு மூக்கம்மாள் மகன். கைலாசம் செத்துட்டான். நான்தான் பொதைச்சேன்."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டதாம். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அவர் விசிலடித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அம்மா சாப்பாடு போட்டபடியே, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊரில் யாருக்கும் அந்தப் படத்தின் பேச்சு கேட்காது. ஆனால் இவளுக்கு எந்தப் பேச்சுதான் கேட்டிருக்கிறது? தாலி கட்டியவளிடமே எழுதிக் கொடுத்த மாதிரி செய்துவிட்டு வந்திருக்கிறார்.

"எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனேன்" என்றார்.

பிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர இரண்டு மாதம் ஆகும். வந்ததும் படத்தில் இருக்கிற ஏழு குடும்பத்துக்கும் பங்களாவிலேயே போட்டுக் காட்டுவதாகச் சுந்தரபாண்டியன் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு மாதம் அப்பா பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன், காரணம்தான் தெரியவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவார். அம்மா அவர் பக்கம் பார்த்தாலே துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொள்வார். எனக்கும் தங்கைக்கும் அது விளையாட்டாகத் தெரிந்தது. நாங்களும் அவர் மாதிரியே வாயைத் துடைத்துக் காட்டிச் சிரிப்போம். எங்களை நாலு அறை அறைந்திருக்க வேண்டும்.

தன்னை அந்தப் படத்திலிருந்து வெட்டிவிடும்படி மதுரைக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. மற்ற ஆறு பேரும் எண்ணினார்கள், அல்லது சிரித்தார்கள், நீங்கள் ஒருவர்தான் உண்மையாகப் பேசினீர்கள், உங்கள் முகம் இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை என்று எழுதியிருந்தார் சுந்தரபாண்டியன். அப்பா அந்தக் கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டார். அம்மாவைச் செங்கோட்டையில் அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். "உங்க படம் வருது. நான் பாக்கணும்" என்று அவள் இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம். பங்களா கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் ரூம் கம்பளிகளைக் கட்டி இருட்டாக்கினார்கள். முப்பது நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அப்பா காலையிலேயே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். வீரபாகு மாமா வந்து பார்த்துவிட்டு, பக்கத்து பங்களாவுக்குப் போய் வேறொன்று வாங்கிவந்து மாட்டினார். "கரண்டு வந்துட்டு அத்தான், நீங்க கவலைப்படாதீங்க" என்று தோளில் தட்டினார்.

முதல் முகமாகப் பரீது பாய் வந்தார். அருவி இரைச்சலுக்கு நடுவே உதடு மட்டும் அசைகிறது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. அப்போது வீரபாகு மாமா அம்மாவின் முழங்கையைத் தட்டி, தன் முகத்துக்கு நேரே டார்ச்சை அடித்துக்கொண்டு, "ஏட்டி, பாய் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"ஜப்பான்காரனை வையுதாரு," என்றாள் அம்மா. "கெட்ட வார்த்தை."

கூடம் அதிர்ந்தது. பரீது பாய் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகு படம் பார்ப்பதே இந்த வேடிக்கைக்காக என்றாகிவிட்டது. அடுத்த முகம் வந்தால் மொத்தக் கூட்டமும் அம்மா பக்கம் திரும்பும். "எண்ணுதாரு." சிரிப்பு. "இவரும் எண்ணுதாரு. ஏழாம் நம்பரை விட்டுட்டாரு." சிரிப்பு. "பொண்டாட்டி பேரைச் சொல்லுதாரு." விசில். சுந்தரபாண்டியன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்காத பேச்சு என்று அவர் அருமையாக நினைத்து எடுத்த படம், பாவம்.

அப்பா புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறாவது முகம் முடிந்ததும் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் பிடுங்கவில்லை. பிடுங்கினால் ஏன் பிடுங்கினாய் என்று மாமா கேட்பார் என்ற பயம் அந்தப் பயத்தையும் மிஞ்சிவிட்டது. சுவரில் அப்பாவின் முகம் வந்தது.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த அப்பா எங்கள் வீட்டு அப்பா மாதிரியே இல்லை. பயமே இல்லாத முகம். கண்ணை இமைக்காமல் எங்களைப் பார்த்து என்னவோ சொல்கிறார். கூட்டம் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து விநாடி முடிந்து முகம் மறைந்துவிட்டது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏட்டி! அத்தான் என்ன சொன்னாரு?" டார்ச் வெளிச்சத்தில் மாமாவின் பல் தெரிந்தது.

"எண்ணுனாக," என்றாள் அம்மா.

"எண்ணுன மாதிரி தெரியலியேட்டி?"

சுந்தரபாண்டியன் புரொஜெக்டர் வெளிச்சத்தில் எழுந்து, "அதானே, அவரு ஒருத்தருதான் எண்ணாம..." என்று ஆரம்பித்தார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் படித்தவர், அந்தப் பார்வை போதுமாயிருந்தது. மிச்சத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," அம்மா கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த ஒரே சீரான குரலில் சொன்னாள். "பத்து வரைக்கும் எண்ணுனாக."

மாமா சிரித்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மா அப்பாவிடம் பேசவில்லை. கோபம் மாதிரியும் தெரியவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பூ வைத்துக்கொண்டாள். அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாளோ என்று அப்பா ஒவ்வொரு நிமிஷமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில் அவள் பட்டுச்சேலை கட்டி, சங்கரன்கோவிலுக்கு நேர்த்திக்கடன் என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவையும் கிளப்பினாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும், "வாசுதேவநல்லூர், ரெண்டு" என்றாள்.

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். படித்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அது மட்டுமா, மாமியாரைப் பார்க்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். அந்தத் தெருவுக்குள் அவள் குடும்பத்தில் ஒருவரும் கால் வைத்ததில்லை. "அந்த நேரம் அவ கால்ல விழணும்னு இருந்தது" என்றார் அப்பா. ஆனால் கடையநல்லூர் தாண்டியதும் பழைய பயம் வந்து ஏறிக்கொண்டது. புளியங்குடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். ஏறுகிற ஒவ்வொருவரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

வாசுதேவநல்லூர் வந்தது. அம்மா முன்பக்கம் இறங்கினாள். அப்பா இறங்கவில்லை.

"அண்ணாச்சி, எறங்கலியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சிவகிரிக்கு ஒண்ணு குடுங்க," என்றார் அப்பா.

அம்மா ரோட்டில் நின்று ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறார் என்று அவர் உதட்டைப் பார்த்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரமாக இருந்தது, அவ்வளவு பாவமாகவும் இருந்தது.

சிவகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினார். வாசுதேவநல்லூரில் அம்மா ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். தென்காசி வரை திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிக் குற்றாலம் பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் அப்பா அவள் முன்னால் போய் நின்று கேட்டார்.

"இருக்காளா?"

"இருக்காக," என்றாள் அம்மா. "கண்ணு சரியாத் தெரியல. சேலையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாக. நீ யாரு தாயின்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க எறங்கி வந்தா மருமகள்னு சொல்லலாம்னு போனேன்." அம்மா ஜனங்கள் போவதையும் வருவதையும் பார்க்கவில்லை, குரலைத் தணிக்கவும் இல்லை. "நீங்க வரல. உங்க மகன் வார வழியில செத்துட்டாரு, அவரைப் பொதைச்சவரோட பொஞ்சாதி நான்னு சொல்லிட்டேன்."

அப்பாவுக்குக் குற்றாலம் பஸ் வந்து நின்றதும் தெரியவில்லை.

"ரொம்ப அழுதாக," என்றாள் அம்மா. "அப்புறம் என் தலையில ரெண்டு கையையும் வச்சி, எம் பிள்ளைய நரி நாயி இழுக்க விடாமப் பொதைச்ச அந்த மவராசன் நூறு வருசம் இருக்கணும்னு சொன்னாக."